ஓல்டிஷ் ஆள்

திருமலை அடிவாரத்து அலிபிரியில் டோலி தூக்குகிறவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. டோலியில் உட்கார்ந்தவர் தன் வாயால் "போலாம்" என்று சொன்ன பிறகுதான் தண்டு தோளுக்கு ஏறும். வழியில் நிறுத்தச் சொல்ல வேண்டியதும் அவரேதான். தூக்குகிறவர்கள் வழக்கமான மண்டபங்களில் இறக்கி வைப்பார்கள். நடுவழியில் தாங்களாக இறக்க மாட்டார்கள். நாலு பேர் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு போவது வேறு எந்தக் காரியத்துக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காரியத்தில் படுத்திருப்பவர் வாயைத் திறப்பதில்லை. இவர் திறக்கிறார், போ என்கிறார், நில் என்கிறார். அதனால் இது வேறு, அது வேறு. திருமலைக்கு ஏறுகிறவர் மனதில் அந்த நினைப்பு வந்துவிடக் கூடாது என்று யாரோ எப்போதோ வைத்த முறை அது.

கோவர்த்தனன் இந்த முறையைப் போன வாரம் தப்பவிட்டான். மோகாளமெட்டு ஏற்றத்தில், முழங்கால் நெஞ்சைத் தொடுகிற மாதிரி படிகள் நிற்கும் இடத்தில், அவன் வலது கால் மடங்கிவிட்டது. டோலி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுவழியிலேயே தரை தட்டியது. உள்ளே இருந்த அம்மாள் கல்லைப் பிடித்ததில் அவள் கை வளையல் இரண்டு உடைந்து படியில் சிதறின. சுமங்கலி வளையல், அதுவும் மலை ஏறும்போது. அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். அவள் திட்டியிருந்தால் கோவர்த்தனனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

முன்தண்டுக்காரனான மேஸ்திரி பாலையா கீழே வந்ததும் சொல்லிவிட்டான். "கோவர்த்தண்ணா, மனசுல வெச்சிக்காத. இன்னொருவாட்டி நடுவழில நீ உக்காந்தா, மறுநாள் உன் எடத்துல வேற ஆளு. என் மச்சான் தம்பி வேலையில்லாம சுத்திக்கினு கீறான்."

மனதில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது? கோவர்த்தனனுக்கு வயது ஐம்பது இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். பெற்றவர்கள் எழுதி வைக்கவில்லை. விஜயபுரத்துப் பக்கம் கடலைக்காய்க் கொல்லையில் கூலி, பிறகு கல் குவாரி, குவாரித் தூசி நெஞ்சில் இறங்கிய பிறகு இந்தத் தோள் வேலை. இதை விட்டால் அடுத்தது என்று ஒன்று அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. செங்கம்மா போடுவதை உட்கார்ந்து தின்னலாம். அதை நினைத்தால் தட்டு முன்னால் உட்காரவே அவனுக்குக் கூசும்.

செங்கம்மா அவன் பெண்டாட்டி. அலிபிரி மண்டபத்து ஓரம் மோர்ப் பானை வைத்திருந்தாள். ஆனால் அவள் சம்பாத்தியம் மோரில் இல்லை, வாயில். வடக்கே இருந்து வருகிற யாத்திரிகர்களுக்குத் தமிழும் வராது, தெலுங்கும் வராது. நாக்பூர், கல்கத்தா, பம்பாய் என்று வருகிறவர்களிடம் டோலிக்காரர்கள் கையைக் காலை ஆட்டிப் பேசுவார்கள். செங்கம்மா இங்கிலீஷில் பேசுவாள். பாலையாவின் டோலிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது அவள்தான். அதற்கு அவளுக்கும் ஒரு பங்கு.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவள் ரேணிகுண்டாவில் ஒரு ரயில் டிரைவர் பங்களாவில் ஆயா வேலை பார்த்தாள். சட்டைக்கார வீடு, ஆங்கிலோ இந்தியர்கள். அந்த வீட்டு மிஸ்ஸியம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் படிந்த இங்கிலீஷ். எழுத்து ஒன்றும் தெரியாது. மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு வார்த்தை நாக்கிலேயே குடியிருந்ததாம்: ஓல்டிஷ். நேற்றைய ரொட்டியைப் பார்த்து, "செங்கம், திஸ் பிரெட் இஸ் ஓல்டிஷ்" என்பாள். அப்படியென்றால் வீசாதே, நெருப்பில் காட்டி வெண்ணெய் தடவிக் கொண்டுவா என்று அர்த்தம். "ஓல்ட்" என்று சொல்லிவிட்டால்தான் நாய்க்கு. டிரைவரின் பூட்ஸ் ஓல்டிஷ். இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும். பூனை ஓல்டிஷ், எலி பிடிக்கும், ஆனால் அலமாரி மேல் தாவாது. பக்கத்து வீட்டு ரயில் கார்டு துரை ஓல்டிஷ் மேன். அவரிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசு, ஆனால் செவிடனிடம் கத்துகிற மாதிரி கத்தாதே.

செங்கம்மா இதைச் சொல்லும்போது கோவர்த்தனன் வாய் பிளந்து கேட்பான். எத்தனை தடவை கேட்டாலும் அவனுக்கு அலுக்காது. கிழம் என்பதற்கும் இளசு என்பதற்கும் நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு இடத்தை அந்தச் சட்டைக்காரி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், அதைத் தன் பெண்டாட்டி ரேணிகுண்டாவிலிருந்து பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தோன்றும்.

அந்த வார்த்தையால்தான் பாலையாவின் டோலி காலியாக நிற்பதில்லை. மற்ற டோலிக் கூட்டத்தார் யாத்திரிகரைக் கண்டதும் "ஓல்ட் மேன், டோலி, டோலி" என்று மொய்ப்பார்கள். கோட்டும் கைத்தடியுமாக வந்தவர் முகம் சுண்டிவிடும். கிழவன் என்று சொல்லிக் கூப்பிட்டால் எந்த ஆண்பிள்ளை ஏறுவான்? செங்கம்மா பக்கத்தில் போய் நிற்பாள். முதலில் மோர் கொடுப்பாள். பிறகு, "சார் ஓல்டிஷ். ஹில் வெரி ஓல்ட்" என்பாள். அவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர் பாதி ஏறிய மாதிரி.

ஆந்திரா தனி ராஜ்யமான மறு வருஷம் அது. சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு நின்றுவிட்டது என்றார்கள், திருத்தணி மதராசுக்கு வேண்டும் என்றார்கள், எல்லை ஓரத்துக் கிராமங்கள் யாருக்கு என்பது இன்னும் முடியவில்லை என்றார்கள். டோலிக்காரர்கள் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள். அவர்களுக்கு அது பெரிய தலைவலியாக இல்லை, வாய்க்கு அவலாகத்தான் இருந்தது.

அன்று காலையிலும் அதே பேச்சு. கோவர்த்தனன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் வயதில் சின்னவனான வெங்கடரமணன் அதைப் பார்த்துவிட்டான்.

"மாமா, உன் ஊரு எந்தப் பக்கம்னு தீர்ப்பு வந்துச்சா?"

"எங்கடா வந்துச்சி. விஜயபுரத்துல பாதிப்பேரு இங்கங்கிறான், பாதிப்பேரு அங்கங்கிறான்."

"நீயும் உன் ஊரு மாதிரிதான் கீற. உன்ன கிழவன் கணக்குல சேக்கறதா, எங்க கணக்குல சேக்கறதா? மொதல்ல அதுக்கு ஒரு ஆபீசரப் போடச் சொல்லணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கோவர்த்தனனும் சிரித்தான். செங்கம்மா மோர்ப் பானையிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க நைனா கல்யாணத்துக்கு இவரு பந்தல்கால் நட்டாருடா. அதான் நீ இவ்ளோ ஒசரமா வளந்து நின்னுக்கினு பேசற" என்றாள். வெங்கடரமணன் வாயை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் நாக்பூர்க்காரர் வந்தார். தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பின்னால் தெரிந்தது. நெட்டையான ஆள், வெள்ளை மீசை, ஒரு காலை இழுத்து வைக்கும் நடை. கூடவே அவர் மனைவி, குள்ளமாக, தடதடவென்று நடந்து வந்தாள். நடந்து வருவதாக அவருக்கு வேண்டுதலாம். பஸ் வேண்டாம் என்று அவர் பிடிவாதம். டோலியிலாவது ஏறுங்கள் என்று அந்த அம்மாளின் பிடிவாதம். மற்ற கூட்டத்தார் அதற்குள் "ஓல்ட் மேன், ஓல்ட் மேன்" என்று சூழ்ந்துவிட்டார்கள். அவர் கைத்தடியை உயர்த்தி நாலு பக்கமும் வீசினார். கூட்டம் விலகியது.

செங்கம்மா மோர்ச் செம்போடு போனாள். அவர் குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சார், ஓல்ட் மேன் ஸ்லீப். யங் மேன் ஜம்ப். ஓல்டிஷ் மேன் வாக். சார் வாக், வீ கம் பிஹைண்ட். சார் லைக், சார் சிட்."

கிழவன் தூங்குவான், பையன் குதிப்பான், ஓல்டிஷ் ஆள் நடப்பான். நீங்கள் நடங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம், பிடித்தால் உட்காருங்கள். அவர் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீசை நனைந்திருக்க, அவளை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வார்த்தையை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் மனைவிக்குத் தன் பாஷையில் எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் செங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரியம் முடிந்தது என்று பாலையா டோலியைக் கொண்டுவந்து வைத்தான். நாக்பூர்க்காரர் தூக்குகிற நாலு பேரையும் ஒவ்வொருவராகத் தடியால் சுட்டிப் பார்த்தார். கோவர்த்தனனிடம் வந்ததும் தடி நின்றது. அவனைக் காட்டி, தலையை ஆட்டி, ஏதோ நீளமாகச் சொன்னார்.

"இன்னா சொல்றாரு?" என்றான் பாலையா.

செங்கம்மா குரலை இறக்கிச் சொன்னாள்: "இவரு கிழவராம். கிழவர் தோள்மேல ஏறிப் போனா அவருக்குப் பாவமாம். வேற ஆளப் போடச் சொல்றாரு."

பாலையா கோவர்த்தனனைப் பார்க்கவில்லை, படிகளைப் பார்த்தான். "அப்போ என் மச்சான் தம்பிக்கு ஆள அனுப்பறேன். அண்ணா, இன்னிக்கு நீ குந்திக்க."

இன்றைக்கு மட்டும் என்று ஆரம்பிப்பது எங்கே போய் முடியும் என்று கோவர்த்தனனுக்குத் தெரியும். அவன் தோள் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். தலை குனிந்திருந்தது.

செங்கம்மா நாக்பூர்க்காரருக்கும் தன் புருஷனுக்கும் நடுவில் வந்து நின்றாள். செம்பு இன்னும் கையில் இருந்தது.

"நோ சார். ஹீ நாட் ஓல்ட். ஹீ ஓல்டிஷ். மை ஹஸ்பண்ட், சார். ஐ குக், ஹீ ஈட். ஐ நோ."

என் புருஷன், நான் சமைக்கிறேன், அவர் தின்கிறார், எனக்குத் தெரியாதா என்று கேட்கிறாள். நாக்பூர்க்காரரின் மீசை துடித்தது. ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை. செங்கம்மாவும் சிரிப்பூட்டுகிற குரலில் சொல்லவில்லை. கோவர்த்தனனின் காதுக்கு அது புதிதாக இருந்தது. ஆள் பிடிக்கும்போது அவள் குரலில் ஒரு ஆட்டம் இருக்கும். அது இப்போது இல்லை.

"யங் மேன் கேரி, சார் ஷேக்" என்று டோலி ஆடுவதைக் கையால் ஆட்டிக் காட்டினாள். "ஓல்டிஷ் மேன் கேரி, நோ ஷேக். சார் ஓல்டிஷ், ஹீ ஓல்டிஷ். ஹீ நோ சார் லெக்."

உங்கள் காலின் வலி அவருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டாள். நாக்பூர்க்காரர் கோவர்த்தனனின் எண்ணெய் மினுக்கும் முழங்காலைப் பார்த்தார். பிறகு தன் காலை. டோலியின் தண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சலோ," என்றார். அவர் பாஷையில் அதுதான் போலாம்.

முதல் ஏற்றம் முடிகிற காலி கோபுரம் வரை உள்ள படிகளைக் கோவர்த்தனன் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. பின்தண்டில் கடைசி ஆள் அவன். ஏறும்போது டோலியின் கனமெல்லாம் பின்னால் இறங்கும். பின்னால் நிற்கிறவன் தோளில்தான் அது வந்து உட்காரும். அவன் படியைப் பார்க்கவில்லை. "ஹீ ஓல்டிஷ்" என்று செங்கம்மா சொன்ன இடத்தையே மனதில் பிடித்துக்கொண்டு ஏறினான். அத்தனை பேர் நடுவில், பாலையா வேறு ஆளுக்குச் சொல்லி அனுப்பப் போகிற நேரத்தில், அவள் அந்த வார்த்தையைத் தன் புருஷனுக்குக் கொடுத்தாள். இத்தனை வருஷமாக அவள் அதை யாத்திரிகர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறாள். அவனுக்கும் பொருந்தும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவனுக்குத் தான் கிழவன் என்றும் தெரியாது, இல்லை என்றும் தெரியாது. வலிக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

காலி கோபுரத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அதற்குப் பிறகு சமதளம். நாக்பூர்க்காரர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி முன்னால் கோவிந்தா சொல்லிக்கொண்டே போனாள். கோவர்த்தனன் கால் பதறாமல் வைத்தான். டோலி தொட்டில் மாதிரி போனது. "நோ ஷேக்" என்று அவள் கொடுத்த வாக்கை இதுவரை காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தான்.

மோகாளமெட்டு வந்தது.

முதல் படிகளிலேயே முழங்கால் பேச ஆரம்பித்தது. இருபது படி ஏறுவதற்குள் அது கத்தியது. போன வாரம் கால் மடங்கிய படி மேலே தெரிந்தது. நிறுத்தச் சொல்ல அவனுக்கு வாயில்லை. சொன்னால் பாலையாவின் சொல் பலித்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, செங்கம்மாவின் சொல் பொய்யாகிவிடும். அவன் பல்லைக் கடித்தான். மூச்சு குவாரிச் சம்மட்டி மாதிரி விழுந்தது. முன்னால் இருந்த வெங்கடரமணன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் காலைக் கேலி இல்லை.

நாக்பூர்க்காரர் உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பினார். பின்னால் வந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். கோவர்த்தனனின் கண்ணைப் பார்த்தார்.

"ஸ்டாப்," என்றார். தண்டைத் தட்டினார்.

பாலையா, "இன்னும் கொஞ்சம்தான் சாமி" என்று கையைக் காட்டினான்.

அவர் தலையை ஆட்டினார். தன் நெஞ்சில் கையை வைத்தார். ஒவ்வொரு வார்த்தையாக, இவர்களுக்குப் புரியும்படி, செங்கம்மா பேசிய மாதிரியே பேசினார்.

"ஐ நாட் ஓல்ட். ஐ ஓல்டிஷ். ஓல்டிஷ் மேன் வாக்."

உட்கார்ந்தவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். டோலி இறங்கியது. அவர் தடியை ஊன்றி எழுந்தார், இழுக்கிற காலை முதலில் படியில் வைத்தார், மற்றக் கையைக் கோவர்த்தனனின் தோளில் போட்டார். டோலியை மூன்று பேரும் காலியாகத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, அவர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். ஒரு படி, நிற்பது, ஒரு படி. யார் யாரைத் தாங்கினார்கள் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியாது. மெட்டின் தலைக்குப் போனதும் அவர் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோவர்த்தனன் கையெடுத்துக் கும்பிட்டான். அவர் கும்பிட விடவில்லை. கையைப் பிடித்து இறக்கிவிட்டு, டோலியில் ஏறிக்கொண்டு, "சலோ" என்றார்.

இறங்கி வரும்போது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாலையாவின் கணக்குப்படி கோவர்த்தனன் நடுவழியில் உட்காரவில்லை. நிறுத்தச் சொன்னது ஏறியவர். முறை தப்பவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் இடம் அவனுக்குத்தான். ஆனால் அலிபிரிக்கு வந்து தண்டைச் சாய்த்து வைத்ததும் கோவர்த்தனனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"பாலையா, அவரு எனக்காகத்தான் எறங்கினாரு. இன்னும் நாலு படி போயிருந்தா நான் உக்காந்திருப்பேன்."

"எனக்கு இன்னா கண்ணு இல்லியா?" என்றான் பாலையா. அவன் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்தான். "அந்த மன்சன் நாக்பூர்லேர்ந்து வந்தவரு. ஒரு நாள் பாத்த ஆளு. அவரு எறங்கிட்டாரு. நான் உன்னோட எத்தினி மழ நனஞ்சவன்."

பாலையா பின்தண்டைத் தட்டிக் காட்டினான்.

"நாளையிலேர்ந்து ஏறும்போது நீ முன்தண்டு, மொத ஆளு. எறங்கும்போது கடைசி ஆளு. ரெண்டு பக்கமும் கனம் உன்கிட்ட வராது. பின்தண்டு நான் பாத்துக்கறேன்."

"மேஸ்திரி பின்தண்டா?" என்றான் வெங்கடரமணன்.

"ஏன், நான் இன்னா ஓல்டா?" என்றான் பாலையா. பிறகு கோவர்த்தனனிடம், "ஆனா மொத ஆளுதாண்ணா நடை வெக்கணும். நீ ஓடினா நாங்க ஓடணும், நீ மெதுவா வெச்சா நாங்களும் மெதுவா" என்றான்.

"நான் ஓடமாட்டேன்யா."

"அதான் சொல்றேன். டோலி ஆடுச்சின்னு இந்த வருசம் எத்தினி பேரு திட்டிட்டுப் போனாங்க."

செங்கம்மா கழுவிய பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். வீட்டுக்கு நடக்கும்போது அவன்தான் கேட்டான்.

"நான் வழில விழுந்திருந்தா உன் பேரு கெட்டிருக்குமே. எந்தத் தைரியத்துல அப்டி சொன்ன?"

"நீ ஏறுவன்னு நான் எங்க சொன்னேன்?" என்றாள் செங்கம்மா. "நீ இன்னா ஆளுன்னு சொன்னேன். அவரு இன்னா ஆளுன்னும் சொன்னேன். மீதிய நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கினீங்க."

கோவர்த்தனன் நின்று அவளைப் பார்த்தான். இவள் வயிற்றில் பிள்ளை தங்காத வருஷங்களில் ஊர் இவளை என்னென்னவோ சொன்னது. அத்தனையும் கேட்டுக்கொண்டு, ஒரு ஆளை அவன் இருக்கிற அளவுக்குச் சரியாக, ஒரு விரல் கூட்டாமல் ஒரு விரல் குறைக்காமல் சொல்ல இவள் எங்கே கற்றாள் என்று நினைத்தான். சட்டைக்காரி வார்த்தையைத்தான் கொடுத்திருப்பாள். அளவு இவளுடையது.

மறுநாள் காலை அவன் முன்தண்டில் முதல் ஆளாக நின்றான். டோலியில் கல்கத்தாக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் பாலையா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கனம் இறங்கும் இடத்தில் கால் அகட்டி நின்றான். முன்னால் யாரும் இல்லை. யாருடைய முதுகும் மறைக்காமல் படிகள் நேராக மேலே போயின. இத்தனை வருஷம் ஏறியும் கோவர்த்தனன் அதை இப்படிப் பார்த்ததில்லை. கல்கத்தாக்காரர் செங்கம்மா கற்றுக் கொடுத்தபடி "போலாம்" என்று சொன்னார். அவன் தன் நடையில் முதல் படியை வைத்தான். பின்னால் மூன்று பேர் காலும் அந்த நடைக்கு வந்து சேர்ந்தது.